மாமா பார்க்கக் கூடாத முகம்

போன பொங்கலுக்குப் பிறகு சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் நம் தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் கூடினோமே, அன்று சாப்பிடும்போது உங்களில் ஒருவர் என் மாமாவைப் பற்றிப் பேச்செடுத்தார். கடைசித் திருவிழா நாடகத்தில் அவர் ராஜா வேஷம் கட்டி நடித்ததைப்போல் ஒரு நடிப்பை அதற்கப்புறம் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை என்றார். காலை இழுத்து இழுத்து நடந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு வசனம் பேசியது, எல்லாவற்றையும் எழுந்து நின்று செய்தே காட்டினார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் கை கழுவப் போகிறவள்போல எழுந்து போய்விட்டேன்.

ஏன் போனாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த மனிதர் எதனால் செத்தார் என்று உங்கள் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். அந்தக் கதையில் நான்தான் எமன். அதைப் பற்றி வாயால் சொல்ல எனக்கு வராது. இந்த வயதில் எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது.

நான் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. எனக்கு இருந்ததோ ஒரே மாமா, அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நான் பிறந்த அன்று அவருக்குப் பதினெட்டு வயது.

வழக்கப்படி கிண்ணத்து நல்லெண்ணெயில் என் முகத்தின் நிழலைப் பார்த்து மாமா தோஷம் கழித்திருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. பட்டணத்திலிருந்து ஜோசியரை வரவழைத்தாள். அவர் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய் போதாது, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது முடிகிறவரை மாமன் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவன் உயிர் அவளால்தான் போகும் என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போனாராம்.

அன்றைக்கே மாமா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கல்யாணமாகாத ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் முதுகுதான். நான் எதிரே வந்தால் அவர் சட்டென்று திரும்பி நின்றுகொள்வார். ஒட்டுப்பால் காய்ந்து கறுத்துப்போன பனியன், பிடரியில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம், அமோனியா வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும் கலந்த ஒரு மணம். காதுகுத்தும்போது மாமன் மடியில் உட்கார வேண்டும் அல்லவா? நான் கங்காணியின் மடியில் உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். நான் அழுதபோது அந்த முதுகு ஒரு முறை குலுங்கியதை நான் பார்த்தேன்.

லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்தது பலகைச் சுவர்தானே. சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழம் திறந்தே கிடக்கும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, அம்மா அனுப்பிய சோற்றைத் தின்றுவிட்டு, மத்தியானம் மூன்று மணிபோல மாமா அந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் இந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவேன். முதுகுக்கு முதுகு, நடுவே ஒரு பலகை. பார்க்கத்தான் கூடாது என்றார் ஜோசியர், பேசக் கூடாது என்று சொல்லவில்லை. மேலே இருந்த இடைவெளி வழியாக ரம்புத்தான் பழம் வந்து விழும். ஒருமுறை ஒரு ஜோடி ரப்பர் செருப்பு விழுந்தது. என் காலைப் பார்க்காமலே அளவு தெரிந்து வாங்கியிருந்தார்.

வருடா வருடம் திருவிழாவுக்கு மாமா ஒரு நாடகம் போடுவது உங்களுக்குத் தெரியும். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்பதும், எழுதினால் எழுத்து கோணும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குப் பதினோரு வயதான அந்த வருடம் அவர் சுவருக்கு அப்பால் இருந்து சொல்லச் சொல்ல நாடகம் முழுவதையும் எழுதியவள் நான். நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒரு வசனத்தை அவர் நாலு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். எது நல்லா இருக்கு என்று என்னைத்தான் கேட்பார். அப்படிக் கேட்கிற ஆள் எனக்கு அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

அந்த நாடகம் பழைய கதை ஏதோ ஒன்றிலிருந்து எடுத்தது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது மாமாவின் சொந்தக் கதை. ஒரு ராஜா. அவனுடைய தங்கைக்குக் கழுத்தில் மச்சத்தோடு பெண் குழந்தை பிறக்கிறது. இவள் கையால் உனக்குச் சாவு என்று நிமித்திகன் சொல்கிறான். ராஜா குழந்தையைக் கொல்ல மனமில்லாமல் காட்டில் விடச் சொல்கிறான். தங்கை பித்துப் பிடித்துச் சாகிறாள். அதனால் தங்கையின் கணவன் பகையாகிறான், படை எடுக்கிறான். ராஜா தோற்று ஓடுகிறான். ஓடி ஒளிகிற காடு, அந்தப் பெண் வளர்ந்த காடு. மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் ஒரு கிணற்றடியில் வந்து விழுகிறான். குடத்தோடு வந்த பெண் தண்ணீர் கொடுக்கிறாள். குடிக்கக் கையேந்தியவன் அவள் கழுத்து மச்சத்தைப் பார்த்து, இவள்தான் அவள் என்று தெரிந்து, கையை இழுத்துக்கொள்கிறான். தாகத்திலேயே சாகிறான்.

அந்தக் கடைசிக் காட்சியை எழுதி முடித்த அன்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. தண்ணியக் குடிச்சிருந்தா ராஜா பொழச்சிருப்பாருல்ல மாமா என்று கேட்டேன்.

“பொழச்சிருப்பாரு. ஆனா அது பாக்குறவங்களுக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியாதுலா.”

அப்புறம், இன்னும் எட்டு மாசந்தான் இருக்கு என்றார். எனக்குப் பன்னிரண்டு முடிய எட்டு மாதம். அது முடிந்ததும் அவருக்குத் தாப்பாவில் பெண் பார்க்கப் போவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க என்னையும் கூட்டிப்போக வேண்டும், நான் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று மாமா கேட்டிருந்தாராம்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் கோயில் திடலில் மேடை போட்டார்கள். பழைய புகைக்கூடத்துப் பலகைகளைப் பிரித்துக் கொண்டுவந்து அடித்தார்கள். மாமா வெறுங்காலோடு ஒரு பலகை மேல் குதித்தார். துருப்பிடித்த ஆணி குதிகாலில் ஆழமாக ஏறிவிட்டது. அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். சாயங்காலம் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள்.

தோட்டத்து மருந்துக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை போட்டு சைக்கிளில் வருவாரே, அவர்தான். அடுத்த நாள் லயத்துக்கு வந்து, இதற்கு ஊசி போட வேண்டும், தன்னிடம் அந்த மருந்து இல்லை, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போ என்று மாமாவிடம் சொன்னது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. மாமா சிரித்தார்.

“எனக்கு ஆணியால சாவுன்னு எழுதலங்கய்யா. எதுனாலன்னு அக்கா மக பொறக்கும்போதே சொல்லிட்டாங்க.”

அந்தச் சிரிப்பில் பயமே இல்லை. சாவு எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரிந்தவனுக்கு மற்ற திசைகளைப் பற்றி என்ன கவலை? இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்னும் சில மாதம் என் முகத்தை மறைத்துக்கொண்டால் போதும், மாமாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பினேன். டிரெஸ்ஸர் இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். அம்மாவிடம் என்னவோ பேசிவிட்டுப் போனார். அது எனக்குக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் நாடகம். சாயங்காலப் பூசை முடிந்து, பொழுது இருட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். பிஸ்கட் டின் தகரத்தில் வெட்டிய கிரீடம், அம்மாவின் கல்யாணப் புடவையில் அங்கவஸ்திரம். என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். ஆனால் அந்த வருடம் நாடகம் என் கையெழுத்தில் இருந்தது. நான் எப்படி வீட்டில் இருப்பேன்? மாமா ஜனங்களைப் பார்த்துத்தானே நடிப்பார், பின்படுதாவுக்குப் பின்னால் நின்றால் பார்க்க வழியில்லை என்று கணக்குப் போட்டுப் போனேன்.

படுதாவுக்குப் பின்னால் கேஸ் விளக்கின் சூடும் பவுடர் மணமும். மாமாவின் முதுகு எனக்கு முன்னால் போய் வந்துகொண்டிருந்தது. காலை இழுத்துத்தான் நடந்தார். குரல் வழக்கம்போல விரியவில்லை. பற்களுக்கு நடுவே கசிந்து வந்தது. தோற்று ஓடுகிற ராஜா அப்படித்தான் பேசுவான் என்று நினைத்து நீங்கள் கைதட்டினீர்கள். நானும் நினைத்தேன், சுவருக்குப் பின்னால் எனக்குக்கூடக் காட்டாமல் இப்படி ஒரு நடிப்பை வைத்திருந்தாரே என்று.

கிணற்றடிக் காட்சி வந்தது. பெண் வேஷம் கட்டிய பால் லாரி டிரைவர் குடத்தை நீட்டினார். மாமா கையேந்தினார், இழுத்துக்கொண்டார். அடுத்தது அவருடைய கடைசி வசனம். வரவில்லை. தாடை அசைந்ததே தவிர வாய் திறக்கவில்லை. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குத்தான் தெரியுமே. படுதா இடுக்கில் வாயை வைத்து, முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன்.

மாமா திரும்பினார். இடுக்கில் இருந்த என் முகத்தை முழுசாகப் பார்த்தார். கேஸ் விளக்கு நேராக என் மேல் அடித்துக்கொண்டிருந்தது. நானும் அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். அம்மாவின் மூக்கு. அம்மாவின் புருவம். உதடுகள் இரண்டு பக்கமும் விரிந்து பல் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பி, அந்தச் சிரிப்போடேயே, பற்களுக்கு இடையே வசனத்தைச் சொல்லி முடித்து விழுந்தார். திடலே எழுந்து நின்றது.

மேடையின் ஓரத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்ற அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மாமாவின் தாடை முழுசாகப் பூட்டிக்கொண்டது. வாயில் ஊற்றிய தண்ணீர் வெளியே வந்தது. யாராவது கதவைச் சாத்தினால்கூட உடம்பு வில்லாக வளைந்தது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பூசாரி வந்து விபூதி போட்டார். ஒவ்வொருவராக வந்து அம்மாவிடம் அவளப் பாத்துட்டானாமே என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். டிரெஸ்ஸர் லீவில் ஈப்போ போயிருந்தார். மதியத்துக்குள் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் தோட்டத்து எல்லை தாண்டிப் போனால் மாமாவைப் பிடித்த தோஷம் விடும். தோட்டத்தில் இருந்தது ஒரே வேன். அது என்னையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனது.

தைப்பிங்கில் அத்தை வீட்டில் மழை. அந்த ஊரில் எப்போதும் மழைதான் என்றாலும், அந்த வாரம் விடவே இல்லை. கூரைத் தகரத்துச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, நான் போய்விட்டதால் மாமா இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருப்பார், கஞ்சி குடித்திருப்பார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போன அப்பா ஐந்தாம் நாள் வந்தார். கையில் பெரிய பை. என் பள்ளிச் சட்டைகள், பாவாடைகள், சீப்பு, அந்த ரப்பர் செருப்பு, எல்லாம் இருந்தன. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அத்தையோடு அடுப்படிக்குப் போனார். பையில் எல்லாம் இருந்ததால் எனக்குப் புரிந்துவிட்டது. நான் திரும்பிப் போகப் போவதில்லை. நான் தூரத்தில் இருந்து காப்பாற்ற வேண்டிய மாமா இனி இல்லை என்றாலும், நான் திரும்பிப் போகப் போவதில்லை.

நோட்டுப் புத்தகம் மட்டும் பையில் இல்லை. அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தைப்பிங்கிலேயே படித்தேன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். எந்தக் குழந்தையின் தொட்டிலுக்கும் நான் முதலில் போய்க் குனிந்ததில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானே பின்னால் நின்றுகொள்வேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்து, லயத்தை இடித்தபோது நீங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தீர்கள். நான் போகவில்லை. என்னிடம் இருந்தது அந்த ஒரு சிரிப்பு மட்டும்தான். நான் கொன்றேன், ஆனாலும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஈப்போ புந்தோங்கில் ஒரு கிளினிக்கில் அந்த டிரெஸ்ஸரைப் பார்த்தேன். எண்பதை நெருங்கிக் கொண்டிருந்தார். நான்தான் போய்ப் பேசினேன், இன்னாருடைய மகள் என்றேன். அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது. மாமாவின் பெயரைச் சொல்லித் தலையை ஆட்டினார். லீவு முடிந்து வந்து பார்த்ததும் தானே வேனில் ஏற்றி ஈப்போ கொண்டுபோனதாகவும், ஒரு நாள் முழுசாக வீணாகிவிட்டிருந்தது என்றும் சொன்னார். என்ன வியாதி ஐயா அது என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.

“ரணஜன்னி, பிள்ளை. டெட்டனஸ். ஆணி குத்தினதாலை வந்தது. ஊசி போடச் சொல்லி உங்கட அம்மாவிட்டையும் சொன்னனான். முதல்லை தாடைதான் இறுகும். முகத்துச் சதையெல்லாம் இழுத்து, சிரிக்கிற மாதிரியே இருக்கும். சிரிப்பில்லை அது.”

அவர் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போகாமல் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். ஒரே நிமிடத்தில் அந்த மனிதர் என் பழியைக் கழுவிவிட்டார். கூடவே அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதற்காக அழ வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அப்போது என் வீட்டில்தான் படுக்கையாகக் கிடந்தாள். சிறுநீரகம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர்கள் நாள் குறிக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டிரெஸ்ஸரைப் பார்த்தேன் என்றேன். மாமாவுக்கு வந்தது ரணஜன்னியாம், ஆணி குத்தியதால் வந்ததாம் என்றேன். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று. அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் இல்லை.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்” என்றாள். “அன்னைக்கே டிரெஸ்ஸர் சொன்னாரு. தம்பியும், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திரட்டா அக்கான்னு கேட்டான். நான்தான் காப்புக் கட்டியாச்சு, எல்லை தாண்டாதன்னேன். ஒனக்கு ஆணியாலயெல்லாம் ஒன்னும் வராதுடான்னேன்.”

அவள் மெதுவாக என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“ஆணியாலதான்னா, அப்ப நான்தானே? தூக்கி வளத்தவ நான். இத்தன வருசம் நான் எப்படி சோறு தின்னேன்?”

அது குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பதில் வேண்டும் என்று கேட்கிற குரல். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவே இல்லை. நாற்பது வருடமாக அவளிடம் கேட்க நான் சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ இருந்தது. அதில் ஒன்றுகூட அந்த நேரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து கிலோவுக்கு இளைத்துப்போன ஒரு உடம்பு, அதில் இரண்டு கண்.

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்றேன். “அவரு என் மொகத்தப் பாத்துட்டாருல்ல. என்னாலதான். விதிம்மா அது.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றிச் சுருக்கம் தளர்ந்ததை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சி இருக்கா என்று கேட்டாள். கொண்டுவந்து ஊட்டினேன். ஒரு வாரமாக இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காதவள் கிண்ணம் முழுவதையும் குடித்துவிட்டு, எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் நாக்கில் வைக்கச் சொன்னாள்.

அடுத்த நாள் தைப்பிங்கிலிருந்து அத்தை அவளைப் பார்க்க வந்தாள். நான் அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் தெளிவாக, கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

“அவளே ஒத்துக்கிட்டா” என்றாள்.